திரும்பி வரும் ராக்கெட்டுகள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கெட் பைத்தியம் என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால் கேள்விகள் தானாகத் தேடி வரும். ஐந்து ரோட்டில் டீ குடிக்கும்போது, கல்யாணப் பந்தியில், ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து. பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்களுடைய அப்பா அம்மாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். அதை நான் மறைக்கவில்லை.

ராக்கெட் திரும்பி வருகிறது என்கிறார்களே, முழு ராக்கெட்டும் வருகிறதா?

இல்லை. இன்றைக்கு வாடிக்கையாகத் திரும்பி வருவது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, அதாவது கீழ்ப்பகுதி. ராக்கெட்டின் மொத்த உயரம் 70 மீட்டர். அதில் 40 மீட்டருக்கு மேல் இந்த முதல் அடுக்குதான். ஒன்பது மெர்லின் என்ஜின்கள் இதில் இருக்கின்றன. ராக்கெட்டின் விலையில் பெரும்பகுதி இங்கேதான் அடங்கியிருக்கிறது. அதனால் முதலில் இதைக் காப்பாற்றுவோம் என்று தொடங்கினார்கள்.

செயற்கைக்கோளை மூடியிருக்கும் முனைக்கூடு இரண்டு பாதியாகப் பிரிந்து பாராசூட்டில் கடலில் இறங்கும். அதையும் எடுத்துச் சரிசெய்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மேல் அடுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு. மேலும் கீழும் இரண்டுமே திரும்பி வர வேண்டும் என்பது ஸ்டார்ஷிப் என்ற அடுத்த ராக்கெட்டின் குறிக்கோள்.

அவ்வளவு உயரத்திலிருந்து நின்ற வாக்கில் எப்படி இறங்குகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கிளம்பி ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில், சுமார் 70 கி.மீ. உயரத்தில், இரண்டு அடுக்குகளும் பிரிகின்றன. அப்போது வேகம் நொடிக்கு 2 கி.மீ. அளவில் இருக்கும். மேல் அடுக்கு தன் வழியே போய்விடும். கீழ் அடுக்கு நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்ளும். ஏவிய இடத்துக்கே வர வேண்டுமென்றால், சில என்ஜின்களை மறுபடி எரித்து வந்த திசைக்கு எதிராகத் தன்னைத் தள்ளிக்கொள்ள வேண்டும். தூக்கிப் போன சுமை அதிகமென்றால் அதற்கு எரிபொருள் மிஞ்சாது. அந்த மாதிரி நேரங்களில் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஆளில்லாத மிதவை ஒன்று காத்திருக்கும். அதில் போய் இறங்கும்.

அடர்த்தியான காற்றுக்குள் நுழையும் முன் மூன்று என்ஜின்கள் கொஞ்ச நேரம் எரிந்து வேகத்தைக் குறைக்கும். குறைக்காமல் வந்தால் காற்றழுத்தத்திலும் சூட்டிலும் அடுக்கு சிதைந்துவிடும். மேல்பக்கத்தில் முன்பே விரிந்திருக்கும் சல்லடை போன்ற நான்கு துடுப்புகள், டைட்டானியத்தில் செய்தவை, திசையைத் திருத்திக்கொண்டே வரும்.

கடைசிக் கட்டம்தான் வேடிக்கை. தரையை நெருங்கும்போது டேங்க் ஏறக்குறையக் காலி. ஒரே ஒரு என்ஜினை எவ்வளவு குறைத்து எரித்தாலும், அதன் உந்துவிசை அந்தக் காலி அடுக்கின் எடையைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே அந்தரத்தில் நின்று, இடம் பார்த்து, நிதானமாக இறங்க இதனால் முடியாது. உயரம் பூஜ்யம் ஆகிற அதே கணத்தில் வேகமும் பூஜ்யம் ஆக வேண்டும். என்ஜினைச் சற்று முன்னதாகப் போட்டால் தரையைத் தொடும் முன்பே நின்று மறுபடி மேலே கிளம்பிவிடும். சற்றுத் தாமதித்தால் மோதல்தான். எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதை ராக்கெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரே அந்தந்த நொடியில் கணக்கிட்டு முடிவு செய்கிறது. கிளம்பியதிலிருந்து இறங்கி நிற்பது வரை எட்டு, ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தரையில் முதல் வெற்றி 2015 டிசம்பரில், ஃபுளோரிடாவில். கடல் மிதவையில் முதல் வெற்றி 2016 ஏப்ரலில். அந்தச் சமயத்தில் மோதியும் சாய்ந்தும் வெடித்தவற்றையெல்லாம் சேர்த்து அந்த நிறுவனமே ஒரு வீடியோவாக வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். வெற்றியைப் பார்ப்பதைவிட அதில் அதிகம் புரியும்.

அமெரிக்காக்காரன் 1981-லேயே ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்தைத் திரும்பக் கொண்டுவந்தானே, இதில் என்ன புதுசு?

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது. நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் தருகிறேன்.

லாரி எப்போது சம்பாதிக்கிறது? ஓடும்போது. லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியை ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் விட்டு, என்ஜினை இறக்கி, பாடியைப் பலகை பலகையாகப் பரிசோதித்து, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டியூ கட்ட முடியுமா? ஷட்டிலின் கதை அதுதான். 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள். விண்ணுக்குப் போய்வந்த ஓடங்கள் ஐந்து. ஒவ்வொன்றின் உடம்பிலும் 20,000-க்கு மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகள்; திரும்பி வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். என்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். வெளியே தெரியும் பெரிய ஆரஞ்சு நிற டேங்க் ஒவ்வொரு பயணத்திலும் வீண். அடிக்கடி பறக்கும், செலவு குறையும் என்று சொல்லித்தான் அதைக் கட்டினார்கள். ஆனால் ஒரே ஆண்டில் அது அதிகபட்சமாகப் பறந்தது ஒன்பது தடவை, 1985-இல். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே சேலஞ்சர் விபத்து. 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விபத்து.

ஃபால்கன் 9-இன் முதல் அடுக்குகளில் சில 30 தடவைக்கு மேல் பறந்திருக்கின்றன. 2025 மார்ச்சில் ஒரு அடுக்கு, இறங்கிய ஒன்பதாவது நாளே மறுபடி கிளம்பியது. 2024-இல் மட்டும் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் ஏவப்பட்டன. புதுசு இங்கேதான் இருக்கிறது. செங்குத்தாக இறங்குவதைக்கூட 1993-லேயே டிசி-எக்ஸ் என்ற சோதனை ராக்கெட் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் சின்ன உயரத்துக்குச் செய்து காட்டிவிட்டது. எல்லாரும் இறங்குகிற வீடியோவைப் பகிர்கிறார்கள். நான் பார்ப்பது, அதே ராக்கெட் மறுபடி எத்தனை நாளில் கிளம்பியது என்பதை.

அப்படியானால் விலை அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டுமே?

வரவில்லை. ஆர்வலர்கள் இதைப் பேசுவதில்லை. ஃபால்கன் 9-ஐ வாடகைக்கு எடுக்க வெளியாள் கொடுக்க வேண்டிய விலை ஏறக்குறைய 7 கோடி டாலர். மறுபயன்பாடு வாடிக்கையான பிறகு அந்த விலை குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதைவிட வெகு குறைவு. வித்தியாசம் அவர்கள் பையில் போகிறது. போட்டிக்கு ஆள் இல்லாத சந்தையில் வேறென்ன நடக்கும்?

ஆனாலும் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது பெரிய இறக்கம்தான். ஷட்டில் திட்டத்தின் மொத்தச் செலவைப் பயணங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 150 கோடி டாலர் அளவுக்கு வருகிறது. அது தூக்கியது அதிகபட்சம் 27 டன் சொச்சம். ஃபால்கன் 9 திரும்பி வருவதற்கான எரிபொருளை மிச்சம் வைத்துக்கொண்டே சுமார் 17 டன் தூக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 டாலர். திரும்பி வர வேண்டாம், முழு எரிபொருளையும் செலவழித்துவிடு என்றால் 22.8 டன். இறங்குவதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அந்த வித்தியாசம்.

ஏனுங்க, ஏற்காட்டு மலை மேலிருந்து ஏவினால் எரிபொருள் மிச்சம் ஆகாதுங்களா? 1,500 மீட்டர் ஏற்கெனவே ஏறியாச்சே?

எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தாழ்வான சுற்றுப்பாதையில் நிற்க ஒரு பொருளுக்கு நொடிக்கு சுமார் 7.8 கி.மீ. வேகம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு அந்த வேகத்தைத் தர ஏறக்குறைய 3 கோடி ஜூல் ஆற்றல் தேவை. அதே ஒரு கிலோவை 1,500 மீட்டர் மலை ஏற்ற 15,000 ஜூல் போதும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ராக்கெட்டுக்கு உயரம் பெரிய பிரச்சினையே இல்லை. பக்கவாட்டு வேகம்தான் எரிபொருளை விழுங்குகிறது. மலை மேல் காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதால் என்ஜினுக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு, அவ்வளவே.

சரி, அந்தச் சின்ன ஆதாயத்துக்காக ராக்கெட்டை மேலே எப்படிக் கொண்டுபோவீர்கள்? ஃபால்கன் 9-இன் விட்டம் 3.7 மீட்டர். நெடுஞ்சாலையில் டிரெய்லரில் கொண்டுபோக முடிய வேண்டும் என்பதும் அந்த அளவுக்கு ஒரு காரணம். 40 மீட்டர் நீளமுள்ள அந்த உருளை ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவிலேயே நின்றுவிடும். ஸ்டார்ஷிப்பின் விட்டம் 9 மீட்டர். அதை எந்த ஊர் நெடுஞ்சாலையிலும் தொலைதூரம் கொண்டுபோவது கஷ்டம் என்பதால் டெக்சாஸ் கடற்கரையில் ஏவும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பூமியின் சுழற்சியைப் பயன்படுத்திக்கொள்ளக் கிழக்கு நோக்கி ஏவ வேண்டும். ஏற்காட்டுக்குக் கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று ஜனங்கள் இருக்கிறார்கள். கழன்று விழும் பாகம் யார் கூரையில் விழும்? ஏவுதளங்கள் கடலோரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டாவும் ஸ்டார்ஷிப்பும் ஒரே உலோகம் என்கிறார்களே, உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. நல்ல ரக எவர்சில்வர் பாத்திரங்கள் 304 என்ற ரகத்தில் செய்யப்படுகின்றன: ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவான பாத்திரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். ஸ்டார்ஷிப்பின் ஆரம்ப மாதிரிகளில் 301 ரகத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு 304-இன் நெருங்கிய சொந்தமான 304எல் ரகத்துக்கு மாறி, அதைத் தங்கள் தேவைக்கு மேலும் திருத்திக்கொண்டார்கள். உடம்பின் கனம் சுமார் 4 மி.மீ.

உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அவர்களே காரணத்தையும் சொல்லிவிடுவார்கள். ராக்கெட் என்றால் எடை குறைய வேண்டும். அதனால்தான் ஃபால்கன் 9-க்கு அலுமினியம்–லித்தியம் கலவை, ஸ்டார்ஷிப்புக்கு முதலில் கார்பன் இழை என்று திட்டமிட்டார்கள். 2018 கடைசியில் திட்டம் எஃகுக்கு மாறியது. உள்ளே திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும், திரவ மீத்தேன் மைனஸ் 160 டிகிரி அளவில். சாதாரண இரும்பு அந்தக் குளிரில் உடைந்து நொறுங்கும். இந்த ரகத் துருப்பிடிக்காத எஃகோ குளிரக் குளிர இன்னும் வலுவாகிறது. திரும்பி வரும்போது எதிர்ப் பிரச்சினை, சூடு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இது உருக 1,400 டிகிரி வேண்டும். கார்பன் இழையைவிட விலை பலமடங்கு குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த வெளியிலேயே வெல்டிங் வைக்கலாம். தப்பாகப் போனால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம்.

ஸ்டார்ஷிப்புக்கும் சேலத்துக்கும் வியாபாரத் தொடர்பு எதையும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் இஸ்ரோவுக்கும் நமக்கும் உண்டு. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் என்ஜினுக்கான சிறப்பு ரகத் துருப்பிடிக்காத எஃகு சேலம் உருக்காலையிலிருந்து போயிருக்கிறது. சந்திரயான்-2 கிளம்பிய சமயத்தில் அந்த ஆலையை நடத்தும் செயில் நிறுவனம் இதைப் பெருமையாக அறிவித்தது. உருக்காலை இருக்கும் கஞ்சமலை அடிவாரத்துக்குக் கிடைத்த பெருமை போதாது என்பது என் கட்சி. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

வெடித்துச் சிதறியதை எல்லாம் "வெற்றி" என்று கை தட்டுகிறார்களே?

இதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆள் இல்லாத சோதனையில், வெடிக்கக்கூடும் என்று தெரிந்தே ஏவி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போவது ஒரு முறை. ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை, 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையை எட்டியது. ஸ்டார்ஷிப் இரண்டு அடுக்கும் சேர்ந்து முதல் தடவை கிளம்பியது 2023 ஏப்ரல் 20-இல். சில நிமிடங்களில் சிதறியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி, 33 என்ஜின்கள் கொண்ட அதன் கீழ் அடுக்கு திரும்பி வந்து, ஏவுகோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நின்றது. அதற்குக் காலே கிடையாது. கோபுரம்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு நானும்தான் கை தட்டினேன்.

ஆனால் அந்த முதல் ஏவுதலில் ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்து, பக்கத்து ஊர் வரை புழுதி படிந்தது. 2025 ஜனவரியிலும் மார்ச்சிலும் மேல் அடுக்கு சிதறி, கரீபியன் பகுதியில் விமானங்களைத் திசை திருப்ப வேண்டி வந்தது. "பாடம் கற்றோம்" என்பது நிறுவனத்துக்குச் சரி. அந்த விமானத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது என்ன பாடம்? பொறியியலைக் கொண்டாடலாம், இந்த அலட்சியத்தையும் சேர்த்துக் கொண்டாட வேண்டியதில்லை.

இஸ்ரோ ஏன் இன்னும் இதைச் செய்யவில்லை?

நம் ராக்கெட்டுகளின் உடலமைப்பு அதற்கு இடம் கொடுக்காது என்பது முதல் காரணம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் இருப்பது திட எரிபொருள். ஒரு தடவை பற்றவைத்தால் தீரும் வரை எரியும். அணைத்து மறுபடி போட முடியாது. மேலே சொன்ன மாதிரி கடைசி நொடியில் என்ஜினைப் போட்டு இறங்கும் வித்தைக்கு அது உதவாது. எல்.வி.எம்-3 ராக்கெட்டிலும் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பெரிய பூஸ்டர்கள் திட எரிபொருள்தான்.

இரண்டாவது காரணம் கணக்கு. இஸ்ரோ ஓராண்டில் ஏவும் எண்ணிக்கை இதுவரை பத்தைத் தொட்டதில்லை. அடிக்கடி ஏவாதவருக்கு மறுபயன்பாடு பெரிய லாபம் தராது. திரும்பி வந்த அடுக்கு கொட்டகையில் சும்மா நிற்கும், தொழிற்சாலையில் ஆட்களும் சும்மா இருப்பார்கள். ஆகவே இஸ்ரோ தாமதித்தது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் தாமதித்தால்தான் தப்பு.

தொடங்கியும் விட்டார்கள். இறக்கை வைத்த ஆர்.எல்.வி. என்ற சோதனை வாகனம் 2016 மே மாதம் முதலில் பறந்தது. 2023 ஏப்ரலிலும், 2024-இல் இரண்டு தடவையும், கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டு, தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. அடுத்த தலைமுறை ராக்கெட் ஒன்றுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் அடுக்கு திரும்பி வர வேண்டும், தாழ்வான சுற்றுப்பாதைக்கு 30 டன் தூக்க வேண்டும் என்பது இலக்கு.

நம் நாட்டில் தனியார் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். 2020-இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டு, அனுமதி கொடுக்க இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18-இல் விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 89.5 கி.மீ. உயரத்துக்கு அனுப்பியது. இந்தியாவில் தனியார் கட்டி ஏவிய முதல் ராக்கெட் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-இல் தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த என்ஜின், ஸ்ரீஹரிகோட்டாவிலேயே சொந்தமாக ஒரு ஏவுமேடை. இரண்டுமே சுற்றுப்பாதைக்குப் போகாத சோதனைப் பறத்தல்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டில் ஸ்பேஸ்எக்ஸ் தவிர?

ப்ளூ ஆரிஜின். அதன் நியூ ஷெப்பர்ட் ராக்கெட், ஃபால்கனுக்கு ஒரு மாதம் முன்பே, 2015 நவம்பரில் செங்குத்தாக இறங்கியது. ஆனால் அது 100 கி.மீ. வரை எட்டிப் பார்த்துவிட்டு வருவது, சுற்றுப்பாதைக்குப் போவதில்லை. பெரிய ராக்கெட்டான நியூ க்ளென் 2025 ஜனவரியில் முதல் முயற்சியிலேயே சுற்றுப்பாதையை அடைந்தது. நவம்பரில் இரண்டாவது தடவை, முதல் அடுக்கைக் கடல் மிதவையில் இறக்கியும் காட்டியது. விலை குறைய வேண்டுமானால் இந்தப் போட்டி தேவை.

சுபான்ஷு சுக்லா போனது அரசுப் பயணமா, தனியார் பயணமா?

இரண்டும் கலந்தது. ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த பயணம். இருக்கைக்கு இந்திய அரசு பணம் கட்டியது. தூக்கிப் போனது ஃபால்கன் 9. 2025 ஜூன் 25-இல் கிளம்பி, மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சேர்ந்து, ஜூலை 15-இல் பசிபிக் கடலில் இறங்கினார். 1984-இல் ராகேஷ் சர்மா போனதற்குப் பிறகு சுற்றுப்பாதைக்குப் போன இரண்டாவது இந்தியக் குடிமகன். அந்த நிலையத்தில் கால் வைத்த முதல் இந்தியர்.

கவனிக்க வேண்டிய ஒன்று: ஜூன் 11-இல் கிளம்ப வேண்டிய அந்தப் பயணம், ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிவு தெரிந்ததால் தள்ளிப்போனது. கசிவைச் சரிசெய்து சோதித்த பிறகே கிளம்ப வேண்டும் என்று இஸ்ரோ தரப்பு நின்றது. திரும்பத் திரும்பப் பறந்த ராக்கெட் வகையிலும் இப்படி வரும். ஆள் ஏறுகிற வண்டியில் அந்தப் பிடிவாதம் வேண்டும்.

இதெல்லாம் கோடீஸ்வரர்களின் விளையாட்டுதானே?

பத்து நிமிடம் மேலே போய் மிதந்துவிட்டு வரும் சுற்றுலாவைச் சொன்னால், ஆமாம். மற்றதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஏற்காட்டில் விடியற்காலை ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வெளிச்சம் போனது. என்ன அது?

பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க். ஒரே ராக்கெட்டில் இருபதுக்கு மேற்பட்ட இணையச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள். முதல் சில நாட்கள் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வாகப் போகும். விடிவதற்குச் சற்று முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் நமக்கு இருட்டாக இருக்கும், அவற்றின் மேல் வெயில் படும். அதனால் பளிச்சென்று தெரியும். பிறகு உயரம் கூடி, இடைவெளி விட்டு, மங்கிவிடும். பேய், பறக்கும் தட்டு என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஃபால்கன் 9 ஏவுதல்களில் பாதிக்கு மேல் இந்தச் சொந்தச் சரக்குதான். ராக்கெட் திரும்பி வராமல் பல ஆயிரம் செயற்கைக்கோள்களை ஏற்றுவது கட்டுப்படியே ஆகியிருக்காது. சேர்வராயன் மலையில் சிக்னல் எட்டாத கிராமங்களுக்கு இந்த மாதிரிச் சேவை உதவலாம். இந்தியாவில் 2025 ஜூனில் அதற்கு உரிமம் கிடைத்தது. மறுபக்கம், வானியலாளர்களின் படங்களில் இவை கோடு கோடாக விழுகின்றன. ஜவ்வாது மலையில் நமக்கென்று காவலூர் ஆய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு. அங்கே இருப்பவர்களிடம் ஸ்டார்லிங்க்கைப் புகழ்ந்து பேசிப் பாருங்கள், தெரியும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் ராக்கெட் ஏற்காட்டிலிருந்து தெரியுமா?

கணக்குப்படி தெரியும். நேர்கோட்டில் சுமார் 300 கி.மீ., சரியாக வடகிழக்குத் திசை, ஜவ்வாது மலைப் பக்கம். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது, ராக்கெட் மூன்று, நான்கு கி.மீ. ஏறியதுமே அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். ஆனால் அந்தத் தூரத்துப் புழுதியும் மேகமும் அதை மறைக்கும். கிளம்பி முதல் ஒன்றரை நிமிடம் வரை அடிவானத்திலிருந்து பத்து டிகிரிக்குள்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. அதற்குக் கீழே தேடுங்கள்.

பகல் ஏவுதலுக்கு மெனக்கெட வேண்டாம். இரவில், அல்லது விடிவதற்குச் சற்று முன், மழை கழுவிவிட்ட வானத்தில் முயலலாம். பகோடா பாயிண்ட் கிழக்கே பார்த்தது, அதுவே நல்ல இடம். லேடிஸ் சீட் சேலம் பக்கம் பார்த்தது, அங்கே நின்று பயனில்லை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சின்ன ராக்கெட்டுகளை, இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல், நேரே தெற்கே அனுப்ப அது. நம்மிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது, அதுவும் ராக்கெட் விலகிப் போகும் திசையில். ஏற்காட்டிலிருந்து பார்க்க அதை நம்ப வேண்டாம்.

என் பெண்ணுக்கு இந்தத் துறையில் ஆசை. என்ன படிக்க வைப்பது?

"ஏரோநாட்டிக்கல்தான் படிக்கணும்" என்று எல்லாரும் சொல்வார்கள். கட்டாயம் இல்லை. இஸ்ரோ பொறியாளர் தேர்வில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைத்தான் பெருமளவில் எடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் சொந்தக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது; அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால் உலோகவியலை யோசியுங்கள் என்பேன். மேலே எஃகைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்தப் படிப்புதான். கருப்பூரில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியிலேயே அந்தப் பிரிவு உண்டு, வெளியூர் போக வேண்டாம். ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம்: ஃபிட்டர், டர்னர், வெல்டர் பிரிவுகளில் படித்தவர்களை இஸ்ரோ மையங்கள் டெக்னீஷியன் பணிக்கு எடுக்கின்றன. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. அறிவிப்பில் இருக்கும் அளவுக்குப் பட்டறைகளில் வேலை வர வேண்டும். அதை ஊரே கேட்டு வாங்க வேண்டும்.

பிள்ளைகளை ஏவுதலுக்கு நேரில் கூட்டிப்போக முடியுமா?

தாராளமாக. ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கக் காட்சி அரங்கம் 2019-லிருந்து இருக்கிறது. ஏவுதலுக்குச் சில நாட்கள் முன்னால் இஸ்ரோ இணையதளத்தில் பதிவு திறப்பார்கள். கட்டணம் கிடையாது, ஆனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடையாள அட்டை அவசியம்.

சேலத்திலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து புறநகர் ரயிலில் சூளூர்ப்பேட்டை. முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. திரும்பி வரும் டிக்கெட்டை அடுத்த நாளுக்குப் போடாதீர்கள். காற்று, மேகம், ஒரு வால்வு, எதற்கு வேண்டுமானாலும் ஏவுதல் தள்ளிப்போகும். கடைசி சில நொடிகளில்கூட நிறுத்தியிருக்கிறார்கள். பகல் ஏவுதல் என்றால் தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், அங்கே வெயில் சேலத்துக்குச் சளைத்ததில்லை.